பால்குடி மறக்காத விருந்தாளி

வீட்டுக்கு வந்த பூனைக்குட்டிக்குப் பெயர் வைப்பது அப்புறம். முதலில் அதன் வயது என்ன?

மார்ச் தொடங்கி மழைக்காலம் முடியும் வரை இந்திய நகரங்களில் பூனைக்குட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பகல் நீளும் பருவத்தில்தான் பூனைகள் அதிகம் கூடுகின்றன. சுமார் 65 நாளில் குட்டி போடுகின்றன. மும்பையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் மீட்டர் அறை, தில்லியில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பழைய கூலர், கொல்கத்தாவில் மீன் கூடைகளின் மறைவு, பெங்களூரில் வாரக் கணக்கில் நகராத ஒரு காரின் அடிப்பக்கம். இடம்தான் வேறு, நடப்பது ஒன்றுதான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் காதில் மெல்லிய குரல் ஒன்று விழுகிறது. அரை மணி நேரத்தில் ஷூ பெட்டிக்குள் ஒரு குட்டி வீடு வந்து சேர்கிறது. அம்மா முதலில் சத்தம் போடுகிறார். பிறகு அவரே ஒரு தட்டில் பால் ஊற்றி வைக்கிறார்.

சிக்கல் தொடங்குவது அந்தத் தட்டில்தான். இரண்டு மாதக் குட்டிக்கு அந்தப் பால் ஒருநாள் வயிற்றுக் கோளாறைத் தரலாம். இரண்டு வாரக் குட்டியாக இருந்தால் மூக்கில் ஏறி நுரையீரலுக்குப் போகலாம். அல்லது பேதியாகி மறுநாளே உயிரைக் குடிக்கலாம். எந்தக் குட்டிக்கு எது ஆகும் என்பதைத் தீர்மானிப்பது அதன் வயது. அந்த ஒரு கேள்வியைத்தான் பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு மாசம் ஆகுது." பக்கத்து வீட்டுக்காரர், வாட்ச்மேன், பறவையும் மீனும் விற்கும் கடைக்காரர் என்று எல்லோரும் இதையே சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றில்லை. குட்டி எப்போது பிறந்தது என்று அவர்களுக்கும் தெரியாது. கண் திறந்திருக்கிறது, தத்தித் தத்தி நடக்கிறது, தட்டில் நக்குகிறது. இதெல்லாம் நான்கு வாரத்திலேயே நடந்துவிடும். தாயிடமிருந்து பிரிக்கக் குறைந்தபட்சம் எட்டு வாரம் ஆக வேண்டும் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். நாய்க்குட்டிக்கு இது சட்டமாகவே இருக்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்போருக்கான 2017-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தெருவில் பிறந்து கைமாறும் பூனைக்குட்டிக்கு அப்படிக் கணக்குப் பார்ப்பவர் யாரும் இல்லை.

பல் சொல்லும் பிறந்த தேதி

பூனைக்குட்டியின் வயதை அதன் உடம்பே சொல்லிவிடும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

தொப்புள் கொடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிறந்து ஐந்து நாளுக்கு மேல் ஆகியிருக்காது. கண் மூடியும் காது மடங்கியும் இருந்தால் முதல் வாரம். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் கண் திறக்கும். திறக்காத கண்ணை விரலால் பிரித்துப் பார்ப்பது கூடாது. மூன்றாம் வாரத்தில் காது நிமிர்கிறது. குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்குகிறது. முன்வரிசையில் அரிசி நுனி போலச் சின்னப் பற்கள் தெரிகின்றன. நான்காம் வாரத்தில் கோரைப் பல் முளைத்திருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளக் குட்டி கற்றிருக்கும். அதற்குப் பிறகுதான் பின்பற்கள் வருகின்றன. எட்டு வாரத்தில் 26 பால் பற்களும் வந்துவிடும். எல்லாக் குட்டிகளுக்கும் கண் முதலில் நீலமாகவே இருக்கும். ஆறு, ஏழு வாரத்தில்தான் பச்சையோ மஞ்சளோ ஏறும். நீலக் கண்ணைப் பார்த்துவிட்டு 'வெளிநாட்டு ஜாதி' என்று மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. உண்மையில் அது பச்சைக் குட்டி என்பதற்கான அடையாளம்.

எடையும் உதவும். பிறக்கும்போது சுமார் 100 கிராம். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் வீதம் ஏறும். ஒரு மாதக் குட்டி 400 முதல் 450 கிராம் வரை இருக்கலாம். ஆனால் தெருக் குட்டிகள் பெரும்பாலும் பட்டினியோடு வருபவை. எடையை மட்டும் நம்பினால் வயதைக் குறைத்து மதிப்பிட நேரும். அதனால் பல்லைப் பார்ப்பதே நம்பகமான வழி.

இப்படிப் பார்த்ததில் குட்டிக்கு எட்டு வாரம் ஆகிவிட்டது என்று தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நான்கு வாரத்துக்குக் கீழே என்றால் வீட்டுக்கு வந்திருப்பது செல்லப் பிராணி அல்ல. இரவு பகல் பார்க்காமல் கவனிக்க வேண்டிய கைக்குழந்தை.

தாய் எங்கே?

கைக்குழந்தை என்றால் அடுத்த கேள்வி இயல்பாகவே வரும். வைணவர்களில் தென்கலையார் பக்தனின் நிலையை விளக்க மார்ஜார நியாயம் என்ற ஒன்றைச் சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை, தாயே அதைக் கவ்வித் தூக்கிப் போகிறது என்பது அதன் சாரம். உயிரியலும் இதை ஒப்புக்கொள்கிறது. கழுத்துத் தோலைத் தாய் கவ்வியவுடன் குட்டி கையும் காலும் தளர்ந்து அசையாமல் தொங்குகிறது.

தாய் தூக்கிப் போவதும் ஒருமுறை அல்ல. பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று வழக்கில் சொல்வார்கள். எண்ணிக்கை எப்படியோ, இடம் மாற்றுவது உண்மை. நான்கு குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் கொண்டுபோக முடியும். மூன்றைக் கொண்டுபோய்விட்டு நான்காவதுக்காகத் திரும்பி வரும்போது அது ஷூ பெட்டியில் ஏறி மூன்றாவது மாடிக்குப் போயிருக்கும். அதாவது, காப்பாற்றப்பட்டதாக நினைக்கப்படும் குட்டிகளில் சில உண்மையில் தூக்கி வரப்பட்டவை.

அனாதையா இல்லையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. குட்டிகள் சுத்தமாக, வயிறு நிரம்பி, ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு தூங்குகின்றனவா? தாய் இரை தேடப் போயிருக்கிறது. தொடாமல் தள்ளி நின்று சில மணி நேரம் கவனிக்க வேண்டும். ஆள் அருகில் நின்றால் தாய் வராது. நாள் முழுக்க நிற்க முடியாதவர்கள் குட்டிகளைச் சுற்றி மெல்லிய வட்டமாக மாவைத் தூவிவிட்டுப் போகலாம்; தாய் வந்து போயிருந்தால் காலடி பதிந்திருக்கும். மாறாக, குட்டி அழுக்கேறி, விடாமல் கத்தி, தொட்டால் சில்லென்று இருந்தால், அல்லது எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தால் காத்திருக்கக் கூடாது.

மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பூனைகளைப் பொறுத்தவரை இதற்கு ஆதாரமில்லை. ஓரிரு நாள் கழித்துத் திருப்பி வைத்த குட்டியையும் நக்கிச் சேர்த்துக்கொள்ளும் தாய்கள் உண்டு. எனவே அவசரப்பட்டுத் தூக்கி வந்த குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, எடுத்த இடத்திலேயே, மழையும் நாயும் அண்டாத பெட்டியில் குட்டியை வைத்துப் பார்ப்பது. இடமும் மனமும் இருந்தால் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே எட்டு வாரத்துக்கு ஒரு பால்கனியில் வைத்துக்கொள்ளலாம். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் வேறொரு பூனை தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதனிடம் விட்டுப் பார்க்கலாம். அடுத்தவர் குட்டிக்குப் பால் தர மறுக்காத பூனைகள் நிறைய. புட்டிப்பால் என்பது இந்த வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு வருவது.

முதலில் சூடு, பிறகு பால்

தாய் இல்லை என்று உறுதியாகிவிட்டது. பெரும்பாலானோர் உடனே பாலைத் தேடி ஓடுகிறார்கள். அங்கேயே முதல் தவறு நடக்கிறது. சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது.

பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. நடுக்கம் என்பது உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி. அது பிறகுதான் வருகிறது. அதுவரை சூடு தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் கிடைக்க வேண்டும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. உள்ளே போகும் பால் செரிக்காமல் தங்குகிறது. அல்லது எதுக்களித்து மூச்சுக் குழலில் இறங்குகிறது. 'பால் குடிச்சுது, அப்புறம் செத்துப்போச்சு' என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதல் மருந்து வெந்நீர்ப் பை. அது இல்லாத வீட்டில் வெந்நீர் நிரப்பி மூடிய பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். மறு பாதி வெறுமனே இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். முதல் வாரக் குட்டியைச் சுற்றி 30 முதல் 32 டிகிரி வெப்பம் தேவை. மே மாதத்து நாக்பூரில் இது தானாகவே கிடைக்கும், ஏ.சி. போட்ட அறையிலும் ஜனவரி மாதத்துத் தில்லியிலும் கிடைக்காது. ஒரேயடியாகச் சூடேற்றாமல், ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும். துவண்டு கிடக்கும் குட்டியின் ஈறில் ஒரு துளி குளுக்கோஸ் தண்ணீரைத் தடவலாம். பாதமும் வாயின் உட்புறமும் வெதுவெதுப்பாகி, குட்டி தானே வாயை அசைத்துத் தேடத் தொடங்கும்போதுதான் பாலுக்கு நேரம் வந்தது என்று பொருள்.

எந்தப் பால்?

பூனையையும் பாலையும் பிரிக்க முடியாது என்று காலம் காலமாக நம்பும் நாட்டில், பாக்கெட் பால் பூனைக்குட்டிக்கு ஆகாது என்றால் யாரும் எளிதில் ஏற்பதில்லை. கன்று வளரும் வேகத்துக்காக அமைந்தது பசும்பால். கன்று பிறந்த எடையின் இரு மடங்கை எட்ட ஒன்றரை மாதம் ஆகும். பூனைக்குட்டி இரண்டே வாரத்துக்குள் இரு மடங்காகிவிடுகிறது. பூனைப் பாலில் இருக்கும் புரதம் பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தால், ஏற்கெனவே போதாத பால் இன்னும் போதாததாகிறது. அதில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை குட்டிக்கு ஒத்துக்கொள்ளாமல் பேதி ஆகிறது. 150 கிராம் உடம்பில் பேதி என்றால் சில மணி நேரத்தில் நீர்ச்சத்து வற்றிவிடும். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்றாலும் அதுவும் பூனைப் பாலுக்கு ஈடல்ல. ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் ஏறக்குறைய அதே அளவுதான்.

பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரான பால் பவுடர், செல்லப் பிராணிகளுக்கான கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் கிடைக்கிறது. அது கைக்கு வரும் வரை ஒன்றிரண்டு வேளையைச் சமாளிக்க என்ன தரலாம் என்பதை மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டுக்கொள்வது நல்லது.

கொடுக்கும் விதம் அதைவிட முக்கியம். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. பூனைக்குட்டி தாயிடம் குப்புறப் படுத்து, தலையைச் சற்றே நிமிர்த்திக் குடிக்கும் பிராணி. அப்படியேதான் புகட்டவும் வேண்டும். சிறு நிப்பிள் வைத்த புட்டி நல்லது. ஊசி இல்லாத சிரிஞ்ச் என்றால் துளித் துளியாக, குட்டி விழுங்கும் வேகத்துக்கு ஏற்ப அழுத்த வேண்டும். மூக்கில் பால் குமிழி தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அளவுக்கு ஒரு எளிய கணக்கு: 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி லிட்டர். 200 கிராம் குட்டிக்கு 8 மில்லி. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை, நான்காம் வாரத்தில் ஐந்தாறு மணிக்கு ஒருமுறை. இரவுக்கு விலக்கு இல்லை.

பால் கொடுத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. மூன்று வாரம் ஆகாத குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கித் தூண்டினால்தான் வெளியேறும். தாய் இல்லாத இடத்தில் அந்த வேலையை வெந்நீரில் நனைத்த பஞ்சு செய்ய வேண்டும். ஒவ்வொரு வேளையும் அடிவயிற்றின் கீழே மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். இது தெரியாமல், பாலை மட்டும் ஒழுங்காகக் கொடுத்து, வயிறு உப்பிக் குட்டியை இழந்த வீடுகள் உண்டு.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்பதை முகம் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசு சொல்லும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வைக்க வேண்டும். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறினால் கவலையில்லை. ஒரு நாள் ஏறாமல் நின்றால் மருத்துவரைக் கேட்க வேண்டும். குறைந்தால் அன்றே கொண்டுபோக வேண்டும்.

சைவ வீட்டுப் பூனை

நான்கு வாரத்தைத் தாண்டிய குட்டிக்குத் தட்டு வரலாம். பால் பவுடரைக் கரைத்து, அதில் குட்டிகளுக்கான உணவைக் கூழாகக் குழைத்து வைத்தால் முதலில் அதில் காலை வைக்கும், பிறகு மூஞ்சியை நனைக்கும், கடைசியாகத்தான் சாப்பிடும். பாலைப் படிப்படியாகக் குறைத்து எட்டு வாரத்தில் நிறுத்திவிடலாம். பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

தயிர்சாதத்தில் பூனை வளர்த்த பாட்டிகளின் கதை பல குடும்பங்களில் இருக்கிறது. அந்தப் பூனைகள் பிழைத்தது தயிர்சாதத்தால் மட்டுமல்ல, வீட்டு எலிகளாலும்தான். டாரின் என்ற சத்து பூனையின் உணவில் இருந்தே ஆக வேண்டும். தேவையான அளவு டாரினை அதன் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளாது. டாரின் இல்லாவிட்டால் விழித்திரை சிதையும் என்பது 1975-ல் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தது. இதயம் பெருத்துப் பலவீனமாகும் என்பதை 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நிறுவினார்கள். டாரின் இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசி பருப்பில் இல்லை. நான்காவது மாடி ஃபிளாட்டில் அடைபட்டு வளரும் பூனைக்கு எலியும் கிடையாது. அசைவம் சமைக்காத குடும்பங்கள் அடுப்பைத் தொட வேண்டியதில்லை. குட்டிகளுக்கான பாக்கெட் உணவே போதும். அதுவும் கூடாது என்ற கண்டிப்பான வீடுகளுக்குப் பூனை பொருந்தாது. அந்த வீடுகள் குட்டியை வேறு நல்ல இடத்தில் சேர்ப்பதே அதற்குச் செய்யும் உதவி.

வீட்டு அலமாரியில் இருக்கும் ஆபத்துகளும் சாதாரணமாகத் தோன்றுபவைதான். தரை துடைக்கும் பினாயில் அவற்றில் முதலாவது. பினாயில் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். காய்ச்சலுக்கு மனிதர்கள் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். பாதி மாத்திரையே கொல்லும். தெள்ளுப்பூச்சிக்கென்று நாய்களுக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படியே. சின்னக் குட்டிக்குத் தெள்ளுப்பூச்சி என்பது சொறி மட்டுமல்ல. அது குடிக்கும் இரத்தத்தாலேயே குட்டி சோகை பிடித்துச் சாகலாம். அதற்காகத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டுவதும் ஆபத்து. வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்து, சீப்பால் வாரி எடுத்து, உடனே உலர்த்துவதே பாதுகாப்பு.

யார் பாடம் நடத்துவது?

முன்கூட்டியே பிரிந்த குட்டி பிழைத்துக்கொண்டாலும் இழப்பு ஒன்று மிச்சம் இருக்கும். ஐந்து வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை உடன்பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரளும்போதுதான் கடியின் அளவைப் பூனை கற்றுக்கொள்கிறது. அதிகம் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும். தாய் ஓர் அறை கொடுக்கும். இந்தப் பாடம் கிடைக்காத குட்டி மனிதக் கையை இரையாக நினைத்துக் கடிக்கிறது. போர்வை நுனியையும் துப்பட்டாவையும் வாயில் வைத்துச் சப்புகிறது. ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 5,700 பூனைகளின் விவரங்களைத் திரட்டி 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன் பால் மறக்கடித்த பூனைகள் அந்நியர்களிடம் ஆவேசம் காட்டும் வாய்ப்பு அதிகம் என்றும், பதினான்கு வாரம் வரை தாயுடன் இருந்தவற்றிடம் அது குறைவு என்றும் அதில் தெரியவந்தது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1980-களில் ஐலீன் கார்ஷ் நடத்திய ஆய்வுகள், இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் மனிதர்களோடு பழகிய குட்டிகளே பின்னாளில் மனிதர்களை நம்புகின்றன என்று காட்டின. அதனால் புட்டிப்பாலில் வளர்ந்த குட்டி காலைச் சுற்றுவதில் குறை வைக்காது. அதற்குக் குறைவது பூனைகளின் சகவாசம்தான். முடிந்தால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து எடுப்பது நல்லது. முடியாவிட்டால் கையால் சண்டை விளையாடாமல் ஒரு கயிற்றையோ துணிப் பந்தையோ கொடுக்க வேண்டும். கடித்தால் அடிக்காமல் எழுந்து போய்விட வேண்டும். அடி வாங்கும் குட்டி கற்பது கடியின் அளவை அல்ல, மனிதனைக் கண்டு ஒளிவதைத்தான்.

மருத்துவரிடம் முதல்முறை போவதற்கு நோய் வர வேண்டியதில்லை. தாய்ப்பாலின் முதல் நாள் பங்கில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகிறது. அது கிடைத்ததா என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் வாரத்திலிருந்து குடற்புழு மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் மறு ஊசிகள், பன்னிரண்டு வாரத்தில் ரேபிஸ் ஊசி என்று ஒரு கால அட்டவணை இருக்கிறது. உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் 36 சதவீதம் பேர் இந்தியர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் நாய்க்கடிதான் காரணம் என்றாலும் பூனைக்கடியும் விலக்கல்ல. ஊர் பேர் தெரியாத குட்டி கடித்தாலோ இரத்தம் வரப் பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் அப்பிக்கொண்டு உட்காருவது கூடாது.

இவ்வளவும் செய்தும் சில குட்டிகள் போய்விடும். கண் திறக்காத வயதில் தாயை இழந்தவற்றில் பல, அனுபவசாலிகளின் கையிலும் பிழைப்பதில்லை. இரவெல்லாம் கண் விழித்த பிள்ளையிடம் 'நீ சரியாப் பார்த்துக்கலை' என்று சொல்லாமல் இருப்பது பெரியவர்களின் பொறுப்பு. குட்டியைக் கொண்டுவந்த முதல் நாளே இந்த உண்மையைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. யார் எந்த வேளைக்கு எழுந்து பால் கொடுப்பது என்ற முறையையும் அன்றே பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் குட்டி முழுக்க அம்மாவின் தலையில் வந்து விழும். வங்காளத்தில் குழந்தைகளைக் காப்பவள் என்று கும்பிடப்படும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். அங்கேயும் அகால நேரத்தில் எழுந்து புட்டி பிடிக்கிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிதான். 'பார்க்க முடியவில்லை' என்று மார்க்கெட் ஓரத்தில் விட்டுவிட்டு வருவது தீர்வும் அல்ல. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக, தெருவில் நின்றுபோன அந்தத் தாய்ப் பூனை. குட்டி போனதும் அதன் கதை முடிந்துவிடுவதில்லை. பால் குடிக்கும் குட்டிகளைப் பறிகொடுத்த பூனை சில வாரங்களிலேயே மறுபடி பருவத்துக்கு வந்து அடுத்த ஈற்றைச் சுமக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்குள் வந்த குட்டி பெண்ணாக இருந்தால் அதுவும் ஐந்தாறு மாதத்தில் தாயாகத் தயாராகிவிடும். குட்டிக்கு நான்காம் மாதத்துக்கு மேல் மருத்துவர் குறித்துத் தரும் நாளில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம். அதே செலவோடு செலவாகத் தாயையும் பிடித்துக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து அதே இடத்தில் விட்டுவிட்டால், அடுத்த கோடையில் அந்தக் கட்டடத்தில் யாரும் பால் புட்டியைத் தேடி ஓட வேண்டியிருக்காது.